ஐந்தாம் மேஜையின் இருபது நிமிடம்

ஜூன் 3, திங்கள்

நான்காம் லைன் இன்று முதல் என் தலையில். கிணற்று மோட்டாருக்குச் செப்புக்கம்பி கட்டும் லைன். ஆறு மேஜை, ஆறு பெண்கள். முதல் மேஜைக்கு வெறும் இரும்பு வளையமாக வருவது ஆறாம் மேஜையைத் தாண்டும்போது மோட்டாரின் வயிறாகிவிடும். ஸ்டேட்டர் என்று பெயர். இப்போது நாலு நிமிடத்துக்கு ஒன்று வெளியே வருகிறது. ஷிஃப்டுக்கு 112. ஆலை மேலாளர் 128 கேட்கிறார், அதாவது மூன்றரை நிமிடத்துக்கு ஒன்று. ஜூலைக்குள்.

முடியும். யார், எங்கே, எத்தனை நொடியை வீணாக்குகிறார்கள் என்று கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். படித்ததும் அதுதான். காலை எட்டு மணிக்கு ஸ்டாப்வாட்சோடு போய் நின்றேன். பெண்கள் எனக்கு 'வாட்ச்' என்று பெயர் வைத்திருப்பது தெரியும். கவலை இல்லை. மூன்றாம் லைனில் 'எமன்' என்றார்கள்.

ஐந்தாம் மேஜையில் கம்பி முனைகளை இணைப்பது கோகிலவாணி. ஆறு மாத மகப்பேறு விடுப்பு முடிந்து இன்றுதான் திரும்பியிருக்கிறார். விடுப்பில் போனவர்கள் கை மறந்து வருவார்கள் என்று நினைத்தேன். அளந்தேன். மூன்று நிமிடம் எட்டு நொடி. இந்த ஆலையிலேயே வேகமான கை. இவரை வைத்துக்கொண்டு 112 என்பது அவமானம்.

ஜூன் 5, புதன்

ஏதோ நடக்கிறது.

இரண்டு நாள் அளவை வரைபடமாகப் போட்டுப் பார்த்தேன். காலை எட்டரை முதல் பத்து வரை ஐந்து மேஜைகளும் வேகமாக ஓடுகின்றன. அப்புறம் தளர்கின்றன. மதியம் ஒரு மணிக்குப் பிறகு அதே கதை. முடுக்கி ஓட்டத் தெரிந்தவர்களுக்கு நாள் முழுக்க ஓட்ட என்ன கேடு?

குனிந்து பார்த்தேன். நாலாம் மேஜைக்கு அடியில் ஒரு தட்டு, துண்டு போட்டு மூடியிருக்கிறது. ஆறாம் மேஜைக்கு அடியிலும் ஒன்று. திறந்தால் உள்ளே ஸ்டேட்டர்கள். நாலாம் மேஜை ருக்குமணி அக்கா, லைனில் மூத்தவர், கண்ணைக்கூடச் சிமிட்டாமல் அது ரிப்பேர் பீஸ் என்றார். எடுத்துச் சோதித்தேன். எல்லாம் சரியான பீஸ். எண்ணினேன். ஐந்து. மதியமும் ஐந்து.

முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொண்டு கதை பேசப் போகிறார்கள். இதுதான் என் முடிவு. ஏன் சரியாக ஐந்து என்பதற்கு மட்டும் விடை இல்லை.

ஜூன் 7, வெள்ளி

தட்டுகளை எடுத்துவிட்டேன். மேஜைக்கடியில் எதையும் வைக்க முடியாதபடி தகடு அடிக்கச் சொல்லிவிட்டேன். இனி ஒன்று முடிந்தால் ஒன்று, கையிலிருந்து கைக்கு.

ஆறு பேரையும் நிற்கவைத்து விளக்கினேன். சேர்த்து வைப்பது குறையை மறைக்கும், யார் தாமதம் என்பது தெரியாமல் போகும், உலகம் முழுக்க இப்படித்தான் செய்கிறார்கள் என்று நாலு நிமிடம் பேசினேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கோகிலவாணி மட்டும் கேட்டார்.

"நடுவுல எந்திரிச்சுப் போகோணும்னா எப்படிங்க சார்?"

காலையிலும் மாலையிலும் பத்து நிமிட டீ இடைவேளை இருக்கிறது, மதியம் அரை மணி சாப்பாடு இருக்கிறது, அதற்குள் முடித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"சரிங்க சார்."

தெளிவான கேள்வி, தெளிவான பதில். எல்லாரும் இப்படி இருந்தால் வேலை சுலபம்.

ஜூன் 8, சனி

119. மேலாளர் கூட்டத்தில் என் பெயரைச் சொன்னார்.

ஜூன் 11, செவ்வாய்

124. ஆனால் ஐந்தாம் மேஜையிலிருந்து இரண்டு இணைப்புகள் சோதனையில் தோற்றுத் திரும்பி வந்தன. கோகிலவாணியின் பழைய பதிவுகளைப் பார்த்தேன். இரண்டு வருடத்தில் மொத்தமே மூன்று. இன்று ஒரே நாளில் இரண்டு.

நேரில் போனேன். முகம் சிவந்திருந்தது. வலது கையைத் தூக்காமல் விலாவோடு ஒட்டி வைத்தே வேலை செய்கிறார். சீருடைக் கோட்டின் முன்பக்கம் நனைந்திருந்தது. கம்பி இணைக்கும் மேஜையில் தண்ணீர் பாட்டில் வைக்கக் கூடாது என்பது விதி, ஈரம் பட்டால் ஷார்ட் ஆகும். சொன்னேன்.

"பாட்டில் இல்லீங்க சார்" என்றார், தலையைத் தூக்காமல்.

பின்னே என்ன ஈரம் என்று கேட்டேன்.

ருக்குமணி அக்கா தன் ஸ்டேட்டரை மேஜையில் டொம்மென்று வைத்தார். "சார், நீங்க போயி அந்தப் பக்கம் எதையாச்சும் அளந்துட்டு இருங்க."

ஒழுங்கு நடவடிக்கைக்கு எழுதலாம். எழுதவில்லை. எண்ணிக்கை நன்றாக இருக்கும்போது எதற்கு?

ஜூன் 12, புதன்

கோகிலவாணி வரவில்லை. மாற்று ஆள் போட்டும் 96.

ஜூன் 13, வியாழன்

இன்றும் இல்லை. காய்ச்சலாம். 94.

மனிதவளப் பிரிவின் வசந்தமலர் மேடம் கூப்பிட்டார். விடுப்பிலிருந்து திரும்பி ஒன்பதாவது வேலைநாளிலேயே மட்டம் போட்டால் எப்படி என்றார். இப்படி வருகிறவர்களைப் பேக்கிங்குக்கு மாற்றுவதுதான் வழக்கமாம். அட்டைப்பெட்டி ஒட்டுகிற வேலை. யாருடைய வேகமும் யாரையும் பாதிக்காது. ஐந்தாம் மேஜையின் செயல்பாட்டு அறிக்கை ஒன்று தாருங்கள் என்றார். தோற்ற இணைப்பு இரண்டு, வராத நாள் இரண்டு, எண்ணிக்கை இழப்பு முப்பதுக்கு மேல். எல்லாம் கையிலேயே இருந்தது. நாலு நிமிடத்தில் அடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

அதில் ஒரு எண்கூடத் தப்பில்லை.

ஜூன் 15, சனி

பேப்பர் அறைக்குப் போனேன். ஸ்டேட்டருக்குள் வைக்கும் காப்புத் தாளைப் பாதுகாக்கும் சின்ன அறை அது. தூசியும் ஈரமும் படக்கூடாதென்று எப்போதும் மூடியிருக்கும். இருப்பைச் சரிபார்க்கத்தான் போனேன்.

சுருள்களுக்குப் பின்னால் ஒரு முக்காலி. ஆணியில் துவைத்த துண்டு. ஐஸ் போட்டு வைக்கிற சின்ன நீலப் பெட்டி ஒன்று, காலியாக. கதவின் உட்புறம் புதுத் தாழ்ப்பாள். ஆலையின் தாழ்ப்பாள் இல்லை, கடையில் வாங்கி அவர்களே திருகியது. சுவரில் ஒரு காப்புத்தாள் துண்டு. அதில் பென்சிலால் கட்டம் கட்டி எழுதியிருந்தது.

3: காலை 10.05 – 90. மதியம் 2.40 – 85.
4: காலை 10.05 – 95. மதியம் 2.40 – 80.
5: 90. 85.
6: 90. 90.
7: சாப்பாட்டு நேரம் – 75.
8: 60.
10: 45.
11: 30. வலி.

கோகிலவாணியின் கையெழுத்து. எண்ணைப் பார்த்தால் எனக்கு அலகு தெரிய வேண்டும். மில்லி. முதல் நாலு நாள் தினம் இரண்டு எண்கள், பிறகு ஒன்று, அதுவும் இறங்கிக்கொண்டே. எங்கே விழுகிறது என்று பார்த்தேன். ஏழாம் தேதி.

அந்தத் தேதியில் என்ன நடந்தது என்று வேறு யாரிடமும் விசாரிக்கத் தேவை இருக்கவில்லை.

கணக்கையும் போட்டேன். ஐந்து பீஸ், நாலு நிமிட வேகம். இருபது நிமிடம். இரண்டு தட்டுகளும் அந்த இருபது நிமிடத்துக்குத்தான். அவர் எழுந்து போகும்போது பின்னால் வருவது ஒரு தட்டில் சேரும். முன்னால் இருக்கிற ஆறாம் மேஜைக்கு இன்னொரு தட்டிலிருந்து வேலை கிடைத்துக்கொண்டே இருக்கும். லைன் நிற்காது. யாருக்கும் தெரியாது. ஐந்து பெண்கள் சேர்ந்து செய்த இந்த ஏற்பாட்டை, எந்தக் கல்லூரியும் சொல்லித்தராமல், நான் பார்த்ததிலேயே சுத்தமான லைன் சமநிலை என்று சொல்லலாம். அதைத்தான் வீண் என்று தூக்கிப் போட்டேன்.

ருக்குமணி அக்கா வந்து வாசலில் நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. கோகிலவாணிக்குப் பால் கட்டிக்கொண்டு கல்லாகிவிட்டதாம், நூற்று மூன்று டிகிரி காய்ச்சலாம், மாத்திரையில் இருக்கிறாராம். எடுத்து வைக்கும் பால் ஆலை வண்டியில் சூலூர் வீட்டுக்குப் போகும், மறுநாள் இவர் வேலையில் இருக்கும்போது நாத்தனார் அதைப் பாப்பாவுக்குக் கொடுப்பாராம். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"என்னன்னு சொல்றதுங்க? உங்களுக்கு ஈரமே என்னன்னு தெரியலை."

போன வருடம் இரண்டாம் லைனில் ஒரு பெண் வாய்விட்டுக் கேட்டாராம். மறுவாரம் பேக்கிங். மறுமாதம் வேலையை விட்டுவிட்டார். அதனால்தான் தட்டு.

பேப்பர் அறையிலிருந்து லைனுக்கு நடந்து பார்த்தேன். ஒரு வழிக்கு மூன்று நிமிடம் பத்து நொடி. பத்து நிமிட டீ இடைவேளையில் போக வர நேரம் போனால் மிச்சம் மூன்று நிமிடம் நாற்பது நொடி. அதற்குள் முடித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 16, ஞாயிறு

நாள் முழுக்க சட்டம் படித்தேன். மகப்பேறு நலச் சட்டம், 1961. மோசமான வாக்கிய அமைப்பு. ஆனால் விஷயம் சந்தேகமில்லாமல் இருக்கிறது. வேலைக்குத் திரும்பிய தாய்க்குக் குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும் வரை தினம் இரண்டு பாலூட்டும் இடைவேளை. வழக்கமான ஓய்வு நேரத்துக்கு மேல், கூடுதலாக. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம். அங்கே நாளுக்கு நாலு முறை போய்வரலாம். எங்கள் ஆலையில் 212 பேர்.

இந்தச் சட்டத்தின் சுருக்கத்தை உள்ளூர் மொழியில், பெண்கள் வேலை செய்யும் இடத்தில், கண்ணில் படும்படி ஒட்டி வைக்க வேண்டும் என்று ஒரு பிரிவு இருக்கிறது. எங்கள் ஆலையில் பார்த்ததாக நினைவில்லை.

நான்கு வருடம் பொறியியல் படித்தேன். தொழிற்சாலை மேலாண்மை என்று தனித் தாளே இருந்தது. 91 மதிப்பெண்.

ஜூன் 17, திங்கள்

ஒட்டித்தான் இருக்கிறது. வருகைப் பதிவு இயந்திரத்துக்கு மேலே, கண்ணாடி போட்ட சட்டத்துக்குள், தமிழில். போன ஆயுத பூஜைக்குப் போட்ட மாலை காய்ந்து அதன்மேல் தொங்குகிறது. மாலையைக் கழற்றிக் குப்பையில் போட்டேன். காவலாளி முறைத்தார்.

தகடுகளை அகற்றித் தட்டுகளைத் திரும்ப வைக்கச் சொன்னேன். பதிவேட்டில் காரணம்: சோதனை முயற்சி.

கோகிலவாணி வந்துவிட்டார். இளைத்திருக்கிறார். தட்டைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. பத்து ஐந்துக்குக் காணோம். நான் வாட்சை அழுத்தவில்லை.

பதினொரு மணிக்கு வசந்தமலர் மேடத்திடம் போனேன். ஜூலை ஒன்று முதல் பேக்கிங்குக்கு மாற்றும் உத்தரவு அடித்துத் தயாராக மேஜையில் இருந்தது. பின்னிணைப்பு என் அறிக்கை. அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றேன். சிரித்தார். பதின்மூன்றாம் தேதிக்கும் பதினேழாம் தேதிக்கும் நடுவில் எண்கள் மாறிவிட்டனவா என்றார். இல்லை, நான் அளந்ததே தப்பு என்றேன். சட்டத்தைச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"நான் என் பெரியவளைப் பெத்து அறுபதாம் நாள் வேலைக்கு வந்தவ. பாத்ரூம்ல நின்னு பிழிஞ்சு கீழ ஊத்திட்டு வந்து சம்பளப் பட்டியல் போட்டிருக்கேன். எனக்கு யாருப்பா இடைவேளை குடுத்தா?"

"குடுக்காதது தப்பு மேடம்."

வேறு மாதிரி சொல்லியிருக்கலாமோ என்னவோ. எனக்கு வந்தது இதுதான். மேடம் பேனாவைத் திரும்பத் திறந்தார். அப்புறம், கேட்பவர் எழுத்தில் கேட்கட்டும், உற்பத்தி குறைந்தால் மேலாளருக்கு யார் பதில் சொல்வது என்றார். குறையவே குறையாது, நிரூபிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 19, புதன்

இரண்டு நாள் உட்கார்ந்து கணக்குத் தயார் செய்தேன். தட்டுகளை முறைப்படி வைத்து, இடைவேளைக்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் ஐந்து மேஜைகளையும் இருபத்தைந்து சதவீதம் முடுக்கினால், இரண்டு இடைவேளை கொடுத்தும் இழப்பு பூஜ்யம். அழகான கணக்கு. சாப்பாட்டு நேரத்தில் கோகிலவாணியிடம் காட்டினேன். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன் என்பதை இங்கே மட்டும் எழுதிவைக்கிறேன்.

கையைத் துடைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தார். டப்பாவில் தயிர்சாதம் அப்படியே இருந்தது.

"ஒரு பீஸ்கூடக் குறையாதுன்னு போட்டிருக்கீங்க."

"ஆமா."

"அந்த ஒண்ணரை மணி நேரம் முடுக்கி ஓட்டறது யாருங்க? ருக்குமணியக்காவுக்குத் தோள்பட்டை போயி ஆறு மாசமாச்சு. எனக்காக ஒரு பத்து நாளு ஓட்டுவாங்கன்னு நெனச்சோம். நீங்க அதையே சட்டமாக்கறீங்க."

அப்படி இல்லாவிட்டால் எண்ணிக்கை குறையுமே என்றேன்.

"குறைஞ்சா குறைஞ்சதுன்னு எழுதுங்க சார். ஒண்ணும் குறையலைன்னாத்தான் குடுக்கோணும்னு சட்டத்துல போட்டிருக்குதுங்களா?"

போட்டிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் முழுக்கப் படித்தேன், அப்படி ஒரு வரி எங்கும் இல்லை என்று சொன்னேன்.

"நான் ஏழு மாசக் கர்ப்பத்துலயே படிச்சுட்டனுங்க. மாலைக்குப் பொறத்தால இருந்துச்சு. விலக்கிப் பிடிச்சுப் போட்டோ எடுத்து வெச்சிருக்கறேன்." போனைத் திறந்து காட்டினார். ஓரத்தில் காய்ந்த சாமந்தி தெரிந்தது.

தெரிந்தும் ஏன் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டவ என்ன ஆனான்னும் தெரியுமுங்களே. ஒத்தையில கேட்டா பேக்கிங்குங்க சார்."

பக்கத்தில் ருக்குமணி அக்கா ஊறுகாயை நீட்டி, வாட்ச் சாருக்கு ஒரு வாய் குடு, மூஞ்சி சுண்டிப் போச்சு என்றார். சாப்பிட்டேன். நல்ல ஊறுகாய்.

ஜூன் 20, வியாழன்

பூஜ்யத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு உள்ளதை எழுதினேன். முடுக்காமல் நாலு நிமிட வேகம். இரண்டு இடைவேளைக்கு நாற்பது நிமிடம். ஆள் போடாவிட்டால் நாளுக்குப் பத்து பீஸ் குறையும். அந்த நேரத்துக்கு மாற்று ஆள் போட்டால் இரண்டு மூன்று. 128 என்பது இந்த லைனில் இருப்பவர்களின் தோள்பட்டையிலிருந்துதான் வரும் என்பதையும் எழுதினேன். இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

ஜூன் 21, வெள்ளி

மூன்று காகிதங்கள் கொடுத்தோம். ஒன்று கோகிலவாணியின் விண்ணப்பம். அவரே எழுதியது. நான் ஒரு சொல் திருத்தப் போனேன், கையைத் தட்டிவிட்டார். 'எனக்கு அனுமதி அளிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்' என்று முதலில் எழுதி, பிறகு அந்த வரி முழுவதையும் அடித்துவிட்டு 'சட்டப்படி எடுத்துக்கொள்கிறேன், ஏற்பாடு செய்துதரவும்' என்று மாற்றியிருந்தார். குழந்தை பிறந்த தேதி 12.12.2023. பதினைந்து மாதம் நிறையும் தேதி 12.3.2025. பிறப்புச் சான்றிதழ் இணைப்பு.

இரண்டாவது, மற்ற ஐந்து பேரின் கையெழுத்து. ஆறாம் மேஜைப் பெண் கடைசி வரை தயங்கினார். ருக்குமணி அக்கா, நாளைக்கு உனக்கும் கல்யாணமாகும், அப்ப நான் ரிட்டயர் ஆயிருவேன், யாரு தட்டு வெப்பா என்றாராம். போட்டுவிட்டார்.

மூன்றாவது என்னுடையது. 'ஜூன் 13 அன்று நான் அளித்த அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன். அதிலுள்ள எண்கள் சரி. காரணம் தவறு. ஐந்தாம் மேஜையில் ஏற்பட்ட இழப்புக்குக் காரணம் ஜூன் 7 அன்று நான் செய்த மாற்றம்.'

மாலை மேலாளர் கூப்பிட்டார். நீ யார் பக்கம் என்று கேட்டார். 212 பேர் வேலை செய்கிற இடத்தில் காப்பகம் இல்லை, கேட்டவரைப் பேக்கிங்குக்கு மாற்றிய வரலாறு வேறு இருக்கிறது, இது வெளியே போனால் ஆலைக்குத்தான் கஷ்டம், அதனால் ஆலை பக்கம் என்றேன். வெளியே போகச் சொன்னார். அறையை விட்டா, வேலையை விட்டா என்று கேட்கவில்லை.

ஜூன் 24, திங்கள்

பதில் இல்லை. 111.

ஜூன் 25, செவ்வாய்

பதில் இல்லை. பேக்கிங் மேற்பார்வையாளர் வந்து ஒன்றாம் தேதியிலிருந்து வரும் புது ஆள் யார் என்று லைனில் கேட்டுவிட்டுப் போனார். கோகிலவாணி மதியம் எழவே இல்லை. நான் போய் எழுந்திருங்கள் என்றேன். மாற்றப் போகிற நேரத்தில் எதற்கு வம்பு என்றார். முப்பது என்று எழுதிய தாளை இன்னொரு முறை பார்க்க எனக்கு இஷ்டமில்லை என்றேன். கம்பியைக் கீழே வைத்தார். அப்புறம் போனார்.

ஜூன் 27, வியாழன்

வசந்தமலர் மேடம் தனியாகப் பேப்பர் அறைக்குப் போனாராம். ருக்குமணி அக்கா பார்த்திருக்கிறார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுப் பார்த்தாராம். வெளியே வர ரொம்ப நேரம் ஆனதாம். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். எல்லாத்துக்கும் நேரம் பார்த்துட்டா நிப்பாங்க என்றார்.

ஜூன் 28, வெள்ளி

மூன்று மணிக்குக் கோகிலவாணியையும் என்னையும் கூப்பிட்டார்கள். அவர் வரும்போதே முகத்தை இறுக்கிக்கொண்டு வந்தார். படியில், பேக்கிங்குன்னா நான் கையெழுத்துப் போட மாட்டனுங்க சார், நேரா லேபர் ஆபீஸ்தான், போட்டோ இருக்குது என்றார். நானும் வருகிறேன் என்றேன்.

மேடம் உட்காரச் சொன்னார். கோகிலவாணி அந்த அறையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். நாற்காலி நுனியில் இருந்தார். மேடம் காகிதத்தைப் படித்தார். ஜூலை ஒன்று முதல் மார்ச் பன்னிரண்டு வரை தினம் இரண்டு இடைவேளை, தலா இருபது நிமிடம், சம்பளப் பிடித்தம் கிடையாது. ஐந்தாம் மேஜை அவருடையதே. லைனை ஒட்டிய பழைய பார்வையாளர் அறை, தாழ்ப்பாளோடு, குளிர்பெட்டியோடு. நான்காம் லைன் இலக்கு 112 ஆகவே தொடரும். காப்பகம் பற்றி நிர்வாகக் கூட்டத்தில் வைக்கப்படும்.

வைத்தால் போதாது, தேதி வேண்டும் என்றேன். மேடம் என்னைப் பார்த்த பார்வையில் கோகிலவாணியே என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"ஆகஸ்ட்டுல கூட்டம். அங்க நானே பேசுறேன். உன்னைக் கூட்டிட்டுப் போனா இருக்கறதும் போயிரும்" என்றார் மேடம்.

மாற்றல் உத்தரவைக் கிழிப்பார் என்று எதிர்பார்த்தேன். கிழிக்கவில்லை. குறுக்கே கோடு போட்டு, 'ரத்து' என்று எழுதி, என் காகிதத்தோடு சேர்த்துக் கோப்பில் வைத்தார். அடுத்து ஒருத்தி கேட்டு வந்தால் எடுத்துக் காட்ட இருக்கட்டும் என்றார். பிறகு கோகிலவாணியிடம், காய்ச்சல் முழுசாக விட்டதா என்று கேட்டார். எந்த டாக்டர், என்ன மாத்திரை, இப்போது இரண்டு பக்கமும் வலி இல்லையே என்று கேட்டுக்கொண்டே போனார். நான் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன்.

ஒரே சிக்கல். மாற்று ஆள் பதினைந்தாம் தேதிக்கு மேல்தான் கிடைப்பாராம். அதுவரை இடைவேளைக்கு ஐந்தாம் மேஜையில் யார்? லைனுக்குத் திரும்பியதும் இதைக் கேட்டேன். ஆறு பேரும் வேலையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள்.

ஜூன் 30, ஞாயிறு

கழிவுக் கம்பி கொண்டுவந்து அறையில் பயிற்சி செய்தேன். எனாமலைச் சுரண்டி, முறுக்கி, பற்றவைத்து, உறை மாட்டிக் கட்ட வேண்டும். பார்த்தால் ஒன்றுமில்லை. இதை எழுபது தடவையாவது அளந்திருப்பேன். விரலில் இரண்டு இடத்தில் சுட்டுக்கொண்டேன்.

ஜூலை 1, திங்கள்

பத்து மணிக்குக் கோகிலவாணி கையிலிருந்த பீஸை முடித்து ஆறாம் மேஜைக்குத் தள்ளினார். கையைத் துடைத்தார். "போயிட்டு வரனுங்க" என்று லைனுக்கே கேட்கும்படி சொன்னார். யாரும் வேகமாக ஓட்டவில்லை. யாரும் எதையும் துண்டு போட்டு மூடவில்லை. பின்பக்க வாசல் வழியாகப் போகாமல், நடுவழியில், மேலாளர் அறைக் கண்ணாடிக்கு முன்னால் நடந்து போனார்.

நான் உட்கார்ந்தேன். நாற்காலி எனக்குத் தாழ்வு. முழங்கால் மேஜையில் இடித்தது. முதல் பீஸுக்கு ஒன்பது நிமிடம். யாரோ அளந்தார்கள், யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் ஒவ்வொரு நிமிடமும் சத்தமாக எண்ணப்பட்டது. இரண்டாவதை அனுப்பினேன், சோதனையில் தோற்றுத் திரும்பி வந்தது. ஆறாம் மேஜைப் பெண் அதை என் முன்னால் வைக்கும்போது, மேஜையில் தண்ணி கிண்ணி வெச்சிருக்கீங்களா சார் என்று கேட்டார். லைன் முழுக்கச் சிரித்தது. எனக்கும் வந்துவிட்டது.

பத்து இருபதுக்குக் கோகிலவாணி வந்தார். என் இடது பக்கம் ருக்குமணி அக்கா அனுப்பிய நாலு ஸ்டேட்டர்கள் தேங்கி நின்றன. எவ்வளவு என்று கேட்க வாயெடுத்தேன், நிறுத்திக்கொண்டேன். அவரே சொன்னார், எழுபது. ஏறிரும்ங்க சார் என்றார். என்னை எழுப்பிவிட்டு உட்கார்ந்து, முதல் காரியமாக நான் செய்த இணைப்பைப் பிரித்தார்.

மதியம் மறுபடி உட்கார்ந்தேன். ஏழரை நிமிடம். தேறிவிட்டது.

சாயங்காலம் பலகையில் 105 என்று எழுதினேன். குறைவுக்குக் காரணம் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன். வண்டிக்குப் போகிற வழியில் ருக்குமணி அக்கா நின்று படித்தார். கோகிலவாணி குளிர்பெட்டியை இடுப்பில் அணைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"பரவாயில்லீங்க சார்" என்றார் ருக்குமணி அக்கா. "மார்ச்சு பன்னெண்டு வரைக்கும் நேரமிருக்குது. கத்துக்குவீங்க."